அணைக்குக் கீழே ஓர் ஆலைநகரம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், அலெகேனி மலைமடிப்புகளுக்கு நடுவே இருக்கிறது ஜான்ஸ்டவுன் என்னும் சிறிய முன்னாள் இரும்பாலை நகரம். 1889, 1936, 1977 என்று 88 ஆண்டுகளுக்குள் மூன்று பெருவெள்ளங்களில் அந்த ஊர் மூழ்கியது. முதல் வெள்ளத்தில் 2,209 பேர் இறந்தார்கள். இரண்டாவதில் ஏறத்தாழ இருபத்தைந்து பேர், மூன்றாவதில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள். இடையில் 1894, 1907 என்று வந்துபோன சிறிய வெள்ளங்கள் தனி. ஒரே ஊர் இப்படித் திரும்பத் திரும்ப முழுகும்போது, அந்த இடத்தின் விதி அது என்றோ, இயற்கையை யாரால் தடுக்க முடியும் என்றோ சொல்லிவிட்டுப் போவது எளிது. ஜான்ஸ்டவுனின் வரலாற்றை ஆவணங்களோடு வைத்துப் படித்தால் அப்படிச் சொல்ல மனம் ஒப்பாது. மூன்று முறையும் பெருமழை பெய்தது உண்மை. ஆனால் எத்தனை உயிர் போகும் என்பது பெரும்பாலும் மழைக்கு முன்பே, வெயில் காய்ந்த நாள்களில் எடுத்த முடிவுகளால் தீர்மானமாகிவிட்டது. தலைக்கு மேலே நிற்கும் தண்ணீரை எது தாங்குகிறது, எவ்வளவு வரை தாங்கும், அதற்குமேல் வந்தால் எங்கே ஓடுவது என்ற மூன்று விவரங்களும் பள்ளத்தில் குடியிருந்தவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: பயப்பட வேண்டாம்.

கிழக்கிலிருந்து வரும் லிட்டில் கோனிமா ஆறும் தெற்கிலிருந்து வரும் ஸ்டோனிக்ரீக் ஆறும் கூடி கோனிமா ஆறாக மாறும் கூடுதுறைதான் ஜான்ஸ்டவுன். ஊர் ஒரு சின்னச் சமதளத்தில் இருக்கிறது. சுற்றிலும் செங்குத்தான மலைச்சரிவு. சரிவில் விழும் மழை எங்கும் தங்காமல் நேரே ஆற்றில் இறங்கிவிடும். 1852-இல் தொடங்கிய கேம்ப்ரியா இரும்புக் கம்பெனி இங்கே வந்ததற்கும் இந்த நில அமைப்பே காரணம். மலையில் நிலக்கரியும் இரும்புக் கனிமமும் கிடைத்தன. ஆற்றில் தண்ணீர் இருந்தது. பிலடெல்பியாவையும் பிட்ஸ்பர்க்கையும் இணைக்கும் ரயில்பாதை ஊர் வழியாகப் போயிற்று. அமெரிக்க ரயில்பாதைகளுக்குத் தண்டவாளம் செய்து கொடுத்த பெரிய ஆலைகளுள் ஒன்றாகக் கேம்ப்ரியா வளர்ந்தது. 1889-இல் அந்தப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 30,000 பேர் இருந்தார்கள். ஆலை வளர வளர ஆறு மெலிந்தது. உலையிலிருந்து வந்த கசடைக் கரையோரம் கொட்டி, மேடாக்கி, அந்த மேட்டில் கட்டடம் எழுப்பினார்கள். மேலே மலைக்காடுகளை வெட்டியதால் மழைத்தண்ணீர் முன்னைவிட வேகமாக இறங்கியது; கீழே அதை வாங்கிக்கொள்ளும் ஆறோ குறுகிப்போயிருந்தது. அதனால் வசந்தகால மழையில் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் ஏறுவது வழக்கமாகிவிட்டது. சாமான்களை மாடிக்கு ஏற்றிவிட்டு, வடியும்வரை காத்திருப்பார்கள். அந்தப் பழக்கமே பிற்பாடு அவர்களைக் காவு வாங்கியது.

ஊருக்கு மேலே, லிட்டில் கோனிமா ஆற்றின் கிளை ஒன்றில், 22 கிலோமீட்டர் தொலைவில், ஊரைவிட 450 அடி உயரத்தில் ஒரு மண் அணை இருந்தது. பெயர் சவுத் ஃபோர்க் அணை. படகுப் போக்குவரத்துக் கால்வாய்க்குத் தண்ணீர் தருவதற்காக மாநில அரசு 1838-இல் தொடங்கி 1853-இல் முடித்த அணை அது. முடிப்பதற்குள் ரயில் வந்துவிட்டது; கால்வாய்க்கு வேலை இல்லை. அரசு அதை ரயில்வே கம்பெனிக்கு விற்றது. 1862-இல் ஒருமுறை உடைப்பெடுத்தது. அப்போது தேக்கத்தில் தண்ணீர் குறைவாக இருந்ததால் சேதம் பெரிதாக இல்லை. 1875-இல் வாங்கிய ஜான் ரெய்லி என்ற அரசியல்வாதி, அணையின் அடியில் தண்ணீரைத் திறந்துவிடப் பதித்திருந்த வார்ப்பிரும்புக் குழாய்களைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். மதகில்லாத ஏரிக்கரை எவ்வளவு ஆபத்தானது என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. நீர்மட்டம் ஏறினால் இறக்குவதற்கு வழியே கிடையாது. 1879-இல் பெஞ்சமின் ரஃப் என்பவர் அதை வாங்கி, பிட்ஸ்பர்க் பணக்காரர்கள் கோடையில் வந்து மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் ஒரு கிளப்பாக மாற்றினார். எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி, நிலக்கரித் தொழிலதிபர் ஹென்றி கிளே ஃப்ரிக், வங்கியாளர் ஆண்ட்ரூ மெலன் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். பழைய உடைப்பை மண், வைக்கோல், சாணம், சுள்ளிகளைப் போட்டு அடைத்தார்கள். கரைமேல் குதிரை வண்டிகள் போய்வர வசதியாக அதன் உச்சியை மழித்து உயரத்தைக் குறைத்தார்கள். விட்ட மீன்கள் வெளியேறிவிடாதபடி, உபரிநீர் வழியும் கலிங்கின் வாயில் இரும்புக் கம்பிவலை பதித்தார்கள். மதகு போயிற்று, கரையின் உயரம் போயிற்று, கலிங்கின் வாயும் அடைபட்டது. அந்தக் கரைக்குப் பின்னால் தேங்கியிருந்த தண்ணீர் சுமார் அரை டி.எம்.சி.

இது யாருக்கும் தெரியாமல் நடந்ததா என்றால் இல்லை. கேம்ப்ரியா கம்பெனியின் தலைவர் டேனியல் மொரெலுக்கு 1880-இலேயே கவலை வந்துவிட்டது. தன் கம்பெனிப் பொறியாளர் ஜான் ஃபுல்டனை அனுப்பி அணையைப் பார்க்கச் சொன்னார். அடியில் கசிவு இருக்கிறது, தண்ணீரைத் திறந்துவிடக் குழாய் இல்லை, இரண்டும் ஆபத்து என்று ஃபுல்டன் எழுதிக் கொடுத்தார். ரஃப் அந்த அறிக்கையில் குற்றம் கண்டுபிடித்து, உங்களுக்கு எங்களால் எந்த ஆபத்தும் இல்லை என்று பதில் எழுதினார். மொரெல் விடவில்லை, சரிசெய்யும் செலவில் ஒரு பகுதியைத் தானே தருவதாகவும் சொன்னார். ரஃப் மறுத்துவிட்டார். அதன்பிறகு மொரெல் அந்தக் கிளப்பில் தானும் ஓர் உறுப்பினராகச் சேர்ந்துகொண்டார். 1885-இல் அவரும் 1887-இல் ரஃபும் காலமானார்கள். அந்தக் கடிதங்களைப் படிப்பவர் மனத்தில் முதலில் எழும் எண்ணம், அணையைப் பற்றிய பேச்சு முழுவதும் இரண்டு தனியார் நிறுவனங்களின் தலைவர்களுக்கு நடுவே நடந்து முடிந்துவிட்டதே என்பதுதான். உடைந்தால் சாகப்போகிற உலைத் தொழிலாளிக்கும் அவன் வீட்டாருக்கும் அந்த அறிக்கையின் ஒரு வரிகூடப் போய்ச் சேரவில்லை. அணையைச் சோதித்து உத்தரவு போடும் அதிகாரம் கொண்ட அரசு அலுவலகம் ஒன்றும் அன்று அங்கே இல்லை. பணமும் அக்கறையும் செல்வாக்கும் இருந்த மொரெலாலேயே ஒரு குழாயைத் திரும்பப் பதிக்க வைக்க முடியவில்லை என்றால், அந்த அக்கறைக்குப் பின்னால் ஒரு சட்டம் இல்லாததுதான் குறை.

1889 மே 31-ஆம் தேதி அந்த மழை வந்தது. முந்திய இரவு முழுவதும் கொட்டியிருந்தது. காலையிலேயே ஜான்ஸ்டவுன் தெருக்களில் பல அடி தண்ணீர். வழக்கம்போல் மக்கள் மாடிக்கு ஏறினார்கள். மேலே அணையில் ஆள்களை வைத்துக் கரையை உயர்த்தவும், புதிதாக ஒரு வடிகால் வெட்டவும், குப்பை அடைத்துக்கொண்ட கம்பிவலையைப் பெயர்க்கவும் முயன்றார்கள். ஜான் பார்க் என்ற இளம் பொறியாளர் குதிரையேறிப் போய் சவுத் ஃபோர்க் கிராமத்தில் எச்சரித்தார். அங்கிருந்து தந்திகளும் போயின. ஆனால் அணை உடையப்போகிறது என்ற வதந்தி பல ஆண்டுகளாக ஒவ்வொரு மழைக்கும் வந்து வந்து, ஊரில் கேலிப்பேச்சாகிவிட்டிருந்தது. பிற்பகல் மூன்று மணிவாக்கில் தண்ணீர் கரையை மீறி வழிந்து அணை உடைந்தது. நான்கு மணி ஏழு நிமிடத்துக்கு வெள்ளம் ஊருக்குள் நுழைந்தது. வரும் வழியில் மரங்களையும் வீடுகளையும் ரயில் எஞ்சின்களையும் அடித்துக்கொண்டு வந்தது. கேம்ப்ரியாவின் முள்கம்பித் தொழிற்கூடத்தையும் பெயர்த்ததால் மைல்கணக்கான கம்பி அந்த இடிபாட்டில் சுற்றிக்கொண்டது. ஊரின் கீழ்க்கோடியில் இருந்த கல்பாலத்தில் அத்தனையும் அடைபட்டுக் குவிந்து, பிறகு தீப்பிடித்தது. தண்ணீரில் தப்பியவர்களில் பலர் அந்த நெருப்பில் மாண்டார்கள். 99 குடும்பங்கள் ஒருவர்கூட மிஞ்சாமல் அழிந்தன. அடையாளம் தெரியாமல் போன 750-க்கும் மேற்பட்டவர்களை ஊர்ப் புதைகாட்டில் ஒரே இடத்தில் வரிசையாக அடக்கம் செய்தார்கள்.

வழக்குகள் நடந்தன. கிளப்பின் உறுப்பினர்களிடமிருந்து இழப்பீடு வென்றவர் ஒருவரும் இல்லை. கிளப்புக்கென்று பெரிய சொத்து கிடையாது. குறிப்பிட்ட ஒருவரின் அலட்சியம் என்று நிரூபிக்கவும் அன்றைய சட்டத்தில் இடம் குறைவு. கடவுளின் செயல் என்ற வாதமே நின்றது. சிலர் இதை இன்றும் ஆதரிக்கிறார்கள்: அவ்வளவு மழைக்கு எந்த மண் அணையும் தாங்கியிருக்காது என்பது அவர்கள் வாதம். அமெரிக்கச் சிவில் பொறியாளர் சங்கத்தின் குழுவும் 1891-இல் வெளியிட்ட அறிக்கையில், அணை முதலில் கட்டியபடியே இருந்திருந்தாலும் தண்ணீர் அதைத் தாண்டி வழிந்திருக்கும் என்றுதான் சொன்னது. நூற்றாண்டுக்குப் பிறகு, 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தது. கரையின் உயரத்தைக் குறைத்ததும் பழைய வடிவமைப்பில் இருந்த இரண்டாவது உபரிநீர் வழி பயன்படாமல் போனதும் சேர்ந்து, அணை வெளியேற்றக்கூடிய நீரின் அளவைப் பாதியாக்கிவிட்டன. முதலில் கட்டியபடி பராமரித்திருந்தால் அன்றைய மழையை அது கடந்திருக்கும் என்பது அந்த ஆய்வின் முடிவு. ஆகவே மழையின் மேல் பழி போட்டது கணக்கிலும் பிழை, நியாயத்திலும் பிழை. ஒன்று மட்டும் நல்லதாக நடந்தது. அந்தப் பேரழிவுக்குப் பின்வந்த ஆண்டுகளில் அமெரிக்க மாநிலங்கள் பல, ஆபத்தான ஒன்றைத் தன் நிலத்தில் தேக்கி வைத்திருப்பவர் அது வெளியேறி விளைவிக்கும் சேதத்துக்கு, அலட்சியம் இருந்ததா என்று பாராமலே பொறுப்பு என்ற இங்கிலாந்து நீதிநெறியை ஏற்றுக்கொண்டன. இந்திய உச்ச நீதிமன்றம் டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் எடுத்துக்கொண்டு இன்னும் கடுமையாக்கியதும் இதே நெறியைத்தான்.

கிளாரா பார்ட்டன் அம்மையார் தலைமையில் செஞ்சிலுவைச் சங்கத்தினர் வந்து ஐந்து மாதம் தங்கி உதவினார்கள். நாடெங்கிலுமிருந்து நன்கொடை வந்து குவிந்தது. ஆலை விரைவிலேயே திரும்ப ஓடத் தொடங்கியது. ஊர் அதே இடத்தில் எழுந்தது. அந்த இடத்தைவிட்டே போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் போக முடிந்தவர்கள் போனார்கள் என்பதை அந்தக் கேள்வி கவனிப்பதில்லை. கேம்ப்ரியா கம்பெனி மலையுச்சியில் வெஸ்ட்மான்ட் என்ற குடியிருப்பை அமைத்தது. அங்கே ஏறியிறங்க, பழனி மலையின் விஞ்ச் போல, செங்குத்தான சரிவில் கம்பிவடத்தால் இழுக்கும் ஊர்தி ஒன்றை 1891-இல் ஓடவிட்டது. குதிரை வண்டியையே ஏற்றிக்கொண்டு போகும் அளவுக்குப் பெரிய பெட்டி. மேலாளர்களும் வசதியானவர்களும் மேலே குடியேறினார்கள். உலையில் நிற்பவன் ஆலைச் சங்கு ஊதும் தூரத்தில்தான் குடியிருக்க முடியும்; அவனுக்குக் கட்டுப்படியாகும் வாடகை பள்ளத்தில்தான் இருந்தது. வெள்ளம் வரும் என்ற அறிவு எல்லாருக்கும் ஒன்றுதான். அந்த அறிவை வைத்து வீடு மாற்றிக்கொள்ளும் வசதி மட்டும் சிலருக்கே இருந்தது. அந்த ஊர்தி பின்னாளில் பள்ளத்து மக்களுக்கும் கைகொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும்: 1936-இல் ஏறத்தாழ 4,000 பேர் அதில் ஏறித்தான் உயிர் தப்பினார்கள்.

1936 மார்ச் 17-ஆம் தேதி வந்த வெள்ளத்தில் அணை எதுவும் உடையவில்லை. மலையில் உறைந்திருந்த பனி உருகும் நேரத்தில் கனமழையும் சேர்ந்துகொண்டது. குறுகிய ஆற்றால் தாங்க முடியவில்லை. சில இடங்களில் பதினான்கு அடி வரை தண்ணீர் நின்றது. சேதம் 4 கோடி டாலருக்கும் மேல். மேலே இருந்த குவமஹோனிங் அணை உடைந்துவிட்டது என்று வதந்தி கிளம்பியதும் ஊரே மலையைப் பார்த்து ஓடியது, அணை உடையவில்லை. 1889 அந்த ஊரின் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு அந்த ஓட்டமே சாட்சி. மக்கள் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். அந்த ஆண்டே வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டே நேரில் வந்து பார்த்தார். 1938 முதல் 1943 வரை ராணுவப் பொறியாளர் படை ஆறுகளை ஆழப்படுத்தி, அகலப்படுத்தி, கரைச்சரிவு முழுவதும் கான்கிரீட் போட்டது. ஊருக்கு அது பெரிய வரம். ஆனால் வேலை முடிந்ததும் நடந்ததை என்னால் அவ்வளவு எளிதாகப் பாராட்ட முடியவில்லை. வெள்ளத் தொல்லை இனி முடிந்தது என்று பொறுப்பிலிருந்த அதிகாரியே அறிவித்தார். வெள்ளமில்லா நகரம் என்று ஊர் தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது. ஆலைகளை வா வா என்று அழைத்தது. அந்தக் கான்கிரீட் கரை 1936 போன்ற ஒரு வெள்ளத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. அதைவிடப் பெரியது வந்தால் என்ன ஆகும் என்பதற்கான பதில் பொறியாளர்களின் வரைபடத்தில் இருந்தது; விளம்பரத்தில் இல்லை. 1972-இல் ஆக்னஸ் புயல் பென்சில்வேனியாவின் பிற பகுதிகளை மூழ்கடித்தபோது ஜான்ஸ்டவுன் தப்பியது. நம்பிக்கை இன்னும் இறுகியது.

1977 ஜூலை 19 மாலை ஓர் இடிமழை மேகக்கூட்டம் அந்த மலைகளின் மேல் வந்து நகராமல் நின்றது. பத்து மணி நேரத்துக்குள் சில இடங்களில் சுமார் 30 செ.மீ. மழை. வானிலை அலுவலகத்தின் வெள்ள எச்சரிக்கை நள்ளிரவைத் தாண்டித்தான் வந்தது. அதற்குள் தெருக்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. பெரிய ஆறுகளுக்குக் கான்கிரீட் கரை இருந்தது; மலையிலிருந்து தெருக்களின் நடுவே இறங்கும் சின்ன ஓடைகளுக்கு இல்லை. அவை வீடுகளுக்குள் புகுந்தன. அன்றிரவு அந்த வட்டாரத்தில் ஆறு சிறிய அணைகள் உடைந்தன. அவற்றில் பெரியது லாரல் ரன். ஊருக்குக் குடிநீர் தந்த, அறுபது ஆண்டுப் பழமையான மண் அணை. அதில் இருந்த தண்ணீர் சுமார் 38 கோடி லிட்டர், 1889-இன் அணையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. அந்தச் சிறிய அணை மட்டும் கீழே இருந்த டேனரிவில் பகுதியில் சுமார் 40 பேரைக் கொன்றது. அன்றைய சாவுகளில் ஏறக்குறைய பாதி அது. மறுபடியும் அதே காரணம்: கலிங்கு போதவில்லை, தண்ணீர் கரைக்கு மேலே வழிந்து மண்ணை அரித்தது. உலகத்திலேயே அணை உடைப்பின் கொடுமையை அதிகம் அறிந்த ஊர் என்று சொல்லத்தக்க ஊரில், 88 ஆண்டுகள் கழித்து, அதே விதத்தில் அணை உடைந்து மக்கள் இறந்தார்கள். ஆற்றுக்கு இருபுறமும் கோடிக்கணக்கில் செலவு செய்து கரை கட்டியவர்கள், மலைமேல் இருந்த சிறிய தேக்கங்களின் கலிங்கை அளந்து பார்க்கவில்லை.

இங்கே இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முதலாவது, கான்கிரீட் கரை வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கரைகள் இல்லாதிருந்தால் 1977-இல் நீர்மட்டம் இன்னும் பதினோரு அடி உயர்ந்திருக்கும் என்று ராணுவப் பொறியாளர் படை கணக்கிட்டது. பதினோரு அடி என்பது மாடியில் நின்றவர் பிழைப்பதற்கும் சாவதற்கும் உள்ள வித்தியாசம். கரை தன் கடமையைச் செய்தது. கரையோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்ததால் செய்யாமல் விட்ட வேலைகளைத்தான் நான் சொல்கிறேன்: ஓடைகள், சிறிய அணைகள், இரவில் மக்களை எழுப்பும் ஏற்பாடு, ஓடிப்போய் ஏற வேண்டிய மேடு. இரண்டாவது மறுப்பு, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை பெய்யக்கூடிய மழைக்கு எந்த ஊர்தான் தயாராக முடியும் என்பது. 1977 மழை மிக அரியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவ்வளவு மழையைத் தாங்கும் கரை கட்டுவது வேறு. அவ்வளவு மழை வந்தால் இந்த அணை உடையும், நீங்கள் இந்த வழியாக வெளியேறுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது வேறு. முன்னதற்குப் பல கோடி வேண்டும். பின்னதற்கு ஒரு சோதனை அறிக்கையும் ஒரு வரைபடமும் ஒரு தொலைபேசி வரிசையும் போதும். டேனரிவில்லுக்குக் கிடைக்காமல் போனது இந்த இரண்டாவதுதான்.

இன்னொரு வாதம் தொழில் நகரங்களுக்கே உரியது. ஊரில் வெள்ள ஆபத்து இருக்கிறது என்று ஊரே பேசினால் முதலாளி வரமாட்டான், இருக்கிற ஆலையும் போய்விடும், சோறு போய்விடும் என்பார்கள். வயிற்றுப்பாட்டோடு சம்பந்தப்பட்டதால் இதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. 1943-க்குப் பின் ஜான்ஸ்டவுன் பேசாமல் இருந்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணமாக இருந்திருக்கும். நடந்ததைப் பார்ப்போம். கேம்ப்ரியா ஆலையை 1923-இல் வாங்கிய பெத்லஹேம் ஸ்டீல், 1977 வெள்ளத்துக்கு முன்பே, 1973-இலேயே, ஆள் குறைப்பை அறிவித்துவிட்டது. பழைய உலைகள், மாசுக்கட்டுப்பாட்டுச் செலவு, வெளிநாட்டு எஃகின் போட்டி எல்லாம் சேர்ந்து நெருக்கின. வெள்ளத்துக்குப் பின் ஆலையைப் பழைய அளவுக்கு இயக்கப்போவதில்லை என்று கம்பெனி சொன்னது. ஆயிரக்கணக்கான வேலைகள் போயின. 1983 வாக்கில் அந்த வட்டாரத்தின் வேலையின்மை நாட்டிலேயே மிக உயர்ந்ததாக, நான்கில் ஒருவருக்கு வேலையில்லை என்ற நிலைக்குப் போனது. 1992-இல் பெத்லஹேம் அங்கே ஆலைத் தொழிலை முடித்துக்கொண்டது. 1920-இல் 67,000-க்கும் மேல் இருந்த மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 18,411. ஆபத்தை மறைத்ததால் ஆலை ஊரில் தங்கிவிடவில்லை. லாபம் இருந்த காலத்தில் சேற்றைக் கழுவிவிட்டும் அதே ஆலை ஓடியது. லாபம் குறைந்தபோது வெள்ளம் ஒரு நல்ல சாக்காக அமைந்தது. தொழிலைக் காப்பாற்றுவதற்காக உண்மையை மறைக்கச் சொல்பவர்கள், மறைத்த ஊருக்கு என்ன மிஞ்சியது என்பதைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு எச்சரிக்கையைப் பற்றியது. அடிக்கடி எச்சரித்தால் மக்கள் மதிக்கமாட்டார்கள், 1889-இல் அதுதானே நடந்தது என்பார்கள். உண்மை. ஆனால் அன்று ஊருக்குள் உலவியது வதந்தி. அதன் பின்னால் அளவெடுத்த ஓர் எண்ணோ, பொறுப்பேற்ற ஓர் அதிகாரியோ, போய்த் தங்க ஓர் இடமோ இல்லை. ஃபுல்டனின் அறிக்கை பொதுமக்கள் கையில் இருந்திருந்தால் அதே பேச்சை அவர்கள் கேலி செய்திருக்கமாட்டார்கள். சோதித்துச் சொல்லும் ஏற்பாடு அமெரிக்காவில் மிகத் தாமதமாகத்தான் வந்தது. மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ க்ரீக்கில் 1972 பிப்ரவரியில் நிலக்கரிக் கழிவு அணை உடைந்து 125 பேர் இறந்த பிறகு, அணைகளைச் சோதிக்க நாடாளுமன்றம் சட்டம் செய்தது. பணம் ஒதுக்காததால் சோதனை நடக்கவில்லை. லாரல் ரன் உடைந்தது அந்த இடைவெளியில்தான். அதே 1977 நவம்பரில் ஜார்ஜியாவின் டோக்கோவாவில் ஒரு கல்லூரி வளாகத்துக்கு மேலே இருந்த அணை உடைந்து 39 பேர் இறந்ததும் அதிபர் ஜிம்மி கார்ட்டர் சோதனையை உடனே தொடங்க உத்தரவிட்டார். 1981-க்குள், உடைந்தால் உயிர்போகும் இடங்களில் இருந்த சுமார் 8,800 அணைகளைப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் குறை ஒன்றே: கலிங்கு போதாது. சவுத் ஃபோர்க்கில் கம்பிவலை கட்டி அடைத்ததும் லாரல் ரன்னில் போதாமல் போனதும் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான ஊர்களின் தலைக்கு மேலே அப்படியே இருந்திருக்கிறது. யாரும் ஏறிப்போய்ப் பார்க்காததால் தெரியவில்லை.

பென்சில்வேனியா 1978-இல் தனி அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. உடைந்தால் உயிர்ச்சேதம் நேரக்கூடிய அணைகளின் உரிமையாளர்கள், எந்த மட்டத்தில் தண்ணீர் வந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்தெந்தத் தெருக்கள் மூழ்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் அந்த வழியில் வந்தது. அதனால் என்ன பயன் என்பதை 2021 செப்டம்பர் 1-ஆம் தேதி ஜான்ஸ்டவுன் வட்டாரம் காட்டியது. ஐடா புயலின் எச்சம் கொட்டிய மழையில் வில்மோர் அணையின் நீர்மட்டம் குறித்துவைத்த அளவைத் தொட்டதும், கீழே இருந்த சுமார் 3,000 பேரை வெளியேறச் சொன்னார்கள். தண்ணீர் வடிந்தது, அணை உடையவில்லை. அப்படியானால் தேவையில்லாத அலைச்சல்தானே என்று சிலருக்குத் தோன்றலாம். 1889-இல் கேலி செய்தவர்களின் பேச்சும் இதுவேதான். உடையாத அணைக்காக ஒருநாள் வீட்டைவிட்டுப் போய்வருவது, ஆற்றோரத்தில் ஆலை நடத்தும் எந்த ஊரும் கொடுக்கத்தக்க விலை.

மண் அணையோ பெரிய ஏரியோ தலைக்கு மேலே இருக்கும் ஊர்களில் குடியிருப்பவர்கள், நகராட்சிக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். கலிங்கு எவ்வளவு தண்ணீரை வெளியேற்றும்? அதைக் கடைசியாக யார், எப்போது சோதித்தார்கள்? அளவை மீறினால் எங்கள் தெருவுக்கு யார் வந்து சொல்வார்கள்? மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.